சொந்த அனுபவத்தை எழுதினால் கருத்து காணாமல் போகிறது. எப்படிக் கையாள்வது?

மைக்கூடு:
வணக்கம். நியாயம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வடிவத்தில் என் வாழ்க்கையிலிருந்து எதுவும் இல்லை. "சமமாகப் பங்கிடுவது எப்போதும் நியாயமாகிவிடாது", "யாருக்குக் கிடைத்தது என்பது எவ்வளவு முக்கியமோ, எந்த வழியில் கிடைத்தது என்பதும் அவ்வளவு முக்கியம்" என்கிற மாதிரி வாக்கியங்கள். படித்த நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுநாள் கேட்டால் ஒரு வரிகூட அவர்கள் நினைவில் இல்லை.

அப்புறம் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். அம்மா இறந்தபின் அவருடைய பொருள்களை நாங்கள் மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொண்டதைப் பற்றி. அதில் ஒரு பத்தி:

"துணிகளும் புத்தகங்களும் சுலபமாகப் பிரிந்துவிட்டன. தையல் மெஷினில் வந்து நின்றோம். அக்காவுக்கு அது வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதில் தைக்கக் கற்றவள் அவள். தங்கைக்கும் வேண்டும், கடைசி வருடங்களில் அம்மாவின் கண் மங்கியபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் அவள். சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம் என்று முடிவானது. அக்கா பெயர் வந்தது."

இதைப் படித்தவர்கள் கண் கலங்கினார்கள். தங்கள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நியாயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் வடிவத்தில் கருத்து இருக்கிறது, உயிர் இல்லை. இரண்டாவதில் உயிர் இருக்கிறது, கருத்து எங்கே என்று தெரியவில்லை. இதை எழுதிப் பழகியவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

அரைப்பக்கம்:
மொழியியலாளர் ஹயகாவா 'அருவமாதலின் ஏணி' என்று ஒன்று சொல்வார். கீழ்ப்படியில் பெஸ்ஸி என்கிற ஒரே ஒரு பசு. அதற்கு மேல் பசு என்ற இனம், பிறகு கால்நடை, பண்ணைச் சொத்து, இப்படியே ஏறி உச்சியில் செல்வம். செல்வம் என்ற படிக்கு வரும்போது பெஸ்ஸியின் அடையாளம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. எந்தப் படியிலும் தவறில்லை, ஒரே படியில் தேங்கி நிற்பதுதான் சிக்கல் என்பது அவர் கருத்து.

உங்கள் முதல் வடிவம் உச்சியிலேயே நிற்கிறது, இரண்டாவது அடியிலேயே நிற்கிறது. ஏறி இறங்கும் வாக்கியங்கள் இரண்டிலும் இல்லை. சீட்டில் அக்கா பெயர் வந்ததும் பத்தியை முடித்துவிட்டீர்கள். "சீட்டு யார் பக்கமும் சாயவில்லை. பிறகு ஏன் அந்த அறையில் யாருக்கும் நிம்மதி இல்லை?" என்று அங்கே ஒரு கேள்வி வந்திருந்தால் வாசகர் நியாயத்தைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

தூரப்பார்வை:
நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போகிறேன். சொந்தக் கதை சேர்த்தால் கட்டுரை உயிர் பெறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உயிர் பெறுவது கதைதான். கருத்துக்கு அதனால் என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை.

2007-இல் ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பஞ்சத்தில் தவிக்கும் ஒரு சிறுமியின் கதையைச் சிலருக்குக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் தவிக்கும் புள்ளிவிவரத்தை வேறு சிலருக்குக் கொடுத்தார்கள். சிறுமிக்குத்தான் அதிக நன்கொடை கிடைத்தது, அதில் வியப்பில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதோ சிறுமியின் கதையை மட்டும் படித்தவர்கள் தந்ததைவிடக் குறைவாகவே கிடைத்தது. ஒரு முகத்தைக் காட்டிவிட்டு அதிலிருந்து பொதுவான ஒன்றுக்கு வாசகரை அழைத்துப் போவது நாம் நினைப்பதுபோல் எளிதல்ல.

1989-இல் கார்னரும் அவருடைய சகாக்களும் செய்த இன்னொரு ஆய்வும் உண்டு. சுவையான, ஆனால் மையக் கருத்துக்குத் தேவையற்ற விவரங்களை ஒரு பாடத்தில் சேர்த்துப் படிக்கக் கொடுத்தார்கள். சுவையான விவரம் மனதில் தங்கியது, மையக் கருத்து நழுவியது. மைக்கூடு, "ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள்" என்ற வரியில் இதே ஆபத்து இருக்கிறது. அழகான வரி. அதைப் படித்த கணமே நான் தங்கை பக்கம் சாய்ந்துவிட்டேன். நியாயம் என்னவென்று எடைபோடும் முன்பே தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

இதெல்லாம் போக, ஒரு குடும்பத்தில் ஒரு நாள் நடந்த ஒன்று நியாயத்தைப் பற்றி எதை நிரூபித்துவிடும்?

நடுப்பக்கம்:
நிரூபிக்க வேண்டும் என்று யார் சொன்னது? பல வருடங்களாக மற்றவர்களின் கட்டுரைகளைச் செப்பனிட்டுக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. எழுதுகிறவர் முடிவை முதலிலேயே எடுத்துவிடுகிறார். பிறகு அதற்குப் பொருந்துகிற சம்பவத்தை நினைவிலிருந்து தேடி எடுத்து ஒட்டுகிறார். பொறுமை பற்றிக் கட்டுரை என்றால் பொறுமை வென்ற கதை. நட்பு பற்றி என்றால் நண்பன் கைகொடுத்த கதை. அப்படிப்பட்ட உதாரணம் ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்கிறது. அதை நீக்கிவிட்டாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது.

உதாரணத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. கருத்தைச் சோதிப்பது. தத்துவத்தில் இதற்கு நல்ல சாட்சி 1963-இல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை. அறிவு என்பது தக்க காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கை என்ற வரையறையை அவர் எடுத்துக்கொண்டார். அதன் முன் இரண்டே இரண்டு சம்பவங்களை வைத்தார். ஒன்றில் ஸ்மித், ஜோன்ஸ் என்ற இருவர் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஜோன்ஸுக்குத்தான் வேலை என்று நம்ப ஸ்மித்திடம் வலுவான காரணம் இருக்கிறது. ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே "வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்து நாணயங்கள் உள்ளன" என்று நம்புகிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது, அவருக்கே தெரியாமல் அவர் பையிலும் பத்து நாணயங்கள். நம்பியது உண்மையாகிவிட்டது, காரணமும் இருந்தது. அதை அறிவு என்று சொல்ல நமக்கு மனம் வருமா? அந்தக் கேள்வியோடு தத்துவவாதிகள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அங்கே உதாரணம் அலங்காரத்துக்கு வரவில்லை, வரையறையை உடைக்க வந்தது. மைக்கூடு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தையல் மெஷின் விஷயத்தில் உங்கள் கட்டுரையின் எந்த வாக்கியத்துக்கும் அடங்காத ஏதாவது நடந்ததா? எழுத உட்கார்ந்தபோது "இது வேண்டாம், குழப்பும்" என்று ஒதுக்கியது? இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

மைக்கூடு:
இருக்கிறது. சீட்டில் அக்கா பெயர் வந்த பிறகு, அன்று மாலையே அக்கா தங்கையிடம் போய் "நீயே எடுத்துக்கொள்" என்றாள். மனதார. தங்கை மறுத்துவிட்டாள். "சீட்டில் வந்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன். நீ கொடுத்து வேண்டாம்" என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்த அதே பொருள், அதே வீட்டில், அவள் கைக்கு வந்தது. அவள் வாங்கவில்லை. கட்டுரைக்கு இது பொருந்தவில்லை என்று விட்டுவிட்டேன்.

நடுப்பக்கம்:
உங்கள் கட்டுரையே இதுதான்.

சீட்டில் கிடைத்தால் அது அவள் பங்கு, யாருக்கும் கடன்பட வேண்டாம். அக்கா கொடுத்தால் அது அக்காவின் பெருந்தன்மை, ஒவ்வொரு முறை மெஷினைப் பார்க்கும்போதும் அது நினைவுக்கு வரும். யாருக்கு எது போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் கேட்கிற எந்தக் கோட்பாட்டிலும் உங்கள் தங்கையின் மறுப்புக்கு இடமில்லை. முதல் வடிவத்தில் "எந்த வழியில் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு நீங்களே நினைத்திராத அர்த்தம் இங்கே வந்துவிட்டது. குலுக்கல் சரியாக நடந்ததா என்பதோடு அது முடியவில்லை. ஒன்றை உரிமையாகப் பெறுகிறேனா, இன்னொருவர் தயவால் பெறுகிறேனா என்பதுவரை போகிறது.

தூரப்பார்வை:
சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். இதைப் படித்ததும் அமர்த்தியா சென் 'நீதியின் கருத்து' என்ற நூலில் (2009) சொல்லும் மூன்று குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு புல்லாங்குழல். ஆன் அதை வாசிக்கத் தெரிந்தவள். பாப் ஏழை, அவனிடம் வேறு விளையாட்டுப் பொருளே இல்லை. கார்லா அந்தக் குழலை மாதக்கணக்கில் உழைத்துச் செய்தவள். மூவருக்கும் காரணம் இருக்கிறது, மூன்று காரணங்களும் வலுவானவை, மூன்றின் பின்னாலும் பெரிய சிந்தனை மரபுகள் நிற்கின்றன. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே தீர்வு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்று காட்டத்தான் சென் இதைச் சொல்கிறார்.

தையல் மெஷினைக் கிட்டத்தட்ட அப்படியே அதில் பொருத்தலாம். அக்காவுக்கு அதில் தைக்கத் தெரியும், தங்கை உழைத்தவள். வித்தியாசம் ஒன்றுதான். சென்னின் குழந்தைகள் தங்கள் காரணத்தைச் சொல்லிவிட்டு நம் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகு ஆன் குழலை எடுத்துக்கொண்டு கார்லாவிடம் போய் "நீ வைத்துக்கொள்" என்று சொல்வதில்லை. கற்பனை உதாரணம் எந்தக் கேள்விக்காகச் செய்யப்பட்டதோ அதற்கு வேண்டியதை மட்டும் வைத்திருக்கும். அதுவே அதன் பலம். நடந்த சம்பவமோ நாம் கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது. என் எதிர்ப்பில் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

நூல் கோத்துக் கொடுத்த வரி பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. அக்காவுக்கும் அதே எடையில் ஒரு வரி வேண்டும், இல்லையென்றால் இரண்டையுமே குறைக்க வேண்டும்.

வெள்ளைத்தாள்:
இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். இப்படி எழுத வாழ்க்கையில் ஏதாவது நடந்திருக்க வேண்டாமா? சாவு, பிரிவு, பெரிய நோய் எதுவும் நான் பார்த்ததில்லை. காத்திருத்தல் பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசை. நான் காத்திருந்தது எல்லாம் தேர்வு முடிவுக்கும் பேருந்துக்கும்தான்.

அரைப்பக்கம்:
பேருந்து போதும். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு விட்டில்பூச்சி ஜன்னல் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறது. சம்பவம் அவ்வளவுதான். பூச்சி கால்களை உதைத்துத் தவிக்கும்போது அதைப் புரட்டிவிட ஒரு பென்சிலை நீட்டுகிறார். அது தவிப்பது தடுமாற்றத்தால் அல்ல, சாவு நெருங்கிவிட்டது என்று புரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார். சாவின் முன் உதவி என்பதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்தது அந்தப் பென்சிலால்தான்.

பேருந்துக்காக நிற்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். வராது என்று தெரிந்தபின்னும் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? ஏன்? இவ்வளவு நேரம் நின்றாயிற்றே என்றா? அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினாலே பாதிக் கட்டுரை ஆயிற்று.

நடுப்பக்கம்:
இதோடு மோன்தேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரை என்ற வடிவத்துக்கு 'எஸ்ஸே' என்ற பெயரைத் தந்த பிரெஞ்சுக்காரர். அவருடைய முதல் தொகுதி 1580-இல் வந்தது. அதில் ஒரு கட்டுரையில், தான் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டதை எழுதுகிறார். நினைவு தப்பிக் கிடந்தவரை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். வழியில் அவர் தன் மேலாடையை நகங்களால் பிய்த்துக்கொண்டிருந்தாராம். மனைவி தடுமாறி நடந்து வருவதைப் பார்த்து அவளுக்கு ஒரு குதிரை கொடுங்கள் என்றும் சொன்னாராம். அவருக்கோ எந்த வலியும் தெரியவில்லை, அந்தச் சொற்களைத் தான் சொன்னதாகவே தோன்றவில்லை.

சாவைப் பற்றி முன்னோர் சொன்னதையெல்லாம் அவர் நிறையப் படித்தவர். இந்தக் கட்டுரையில் அந்த மேற்கோள்களைவிட அதிக வேலை செய்வது அந்த நகங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேதனையாகத் தெரிவது உள்ளே இருப்பவருக்கு வேதனையாகவே இல்லாமல் இருக்கலாம் என்ற முடிவுக்கு அவர் வருவது அவற்றை வைத்துத்தான். இவ்வளவு அற்பமான நிகழ்ச்சியை விவரிப்பது வீண், இதிலிருந்து எனக்கு ஒரு பாடம் கிடைத்திராவிட்டால், என்கிற பொருளில் அவரே சொல்கிறார்.

பழங்கயிறு:
எல்லோரும் வெளியே போய்த் தேடுகிறீர்கள், நம் வீட்டிலேயே இருக்கிறது. என் புனைபெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நற்றிணை 284. வேலைக்காக வெகுதூரம் போனவன். அவளிடம் திரும்பிப் போகலாம் என்கிறது நெஞ்சு. எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இகழ்ச்சி, பொறு என்கிறது அறிவு. இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் தேய்ந்த பழைய கயிறு போல என் உடம்பு அழியுமோ என்கிறான். ஆசையும் கடமையும் மோதுவதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தக் கயிற்றுக்கு ஈடாகுமா? பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' என்று அந்தக் கயிற்றாலேயே அவரை அழைக்கிறோம். குறுந்தொகை 40-ஐப் பாடிய செம்புலப் பெயனீராரும் அப்படித்தான்.

அந்தப் பாடலில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. நெஞ்சு சொல்வதும் அறிவு சொல்வதும் முதலிலேயே வெளிப்படையாக வந்துவிடுகின்றன. கயிறு கடைசியில் வருகிறது. கருத்தை மறைத்து வைத்து, உதாரணத்தை மட்டும் நீட்டி, நீயே கண்டுபிடி என்று அவர் விளையாடவில்லை. மைக்கூடு, உங்கள் இரண்டாவது வடிவம் கருத்தைச் சொல்லக் கூச்சப்பட்டதுபோல் எனக்குத் தோன்றியது. கூச்சம் வேண்டாம். கருத்தை வெளிப்படையாகச் சொன்னால் அழகு குறையும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதுமே ஒவ்வாதது.

மைக்கூடு:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயங்கள் இன்னும் உறுத்துகின்றன. ஒன்று, சம்பவத்தை முதலில் வைப்பதா, கருத்தை முதலில் வைப்பதா? பழங்கயிறு சொன்னது ஒரு வழி. இரண்டாவது, இது என் தங்கையின் சொல். அவளைக் கேட்காமல் எடுத்து என் கட்டுரையில் வைக்கலாமா?

தூரப்பார்வை:
முதலாவதுக்கு அரிஸ்டாட்டில் சொற்பொழிவுக் கலை நூலில் ஒரு விதி வைத்திருக்கிறார். உதாரணங்களை முன்னால் வைத்தால் அவற்றிலிருந்து பொது முடிவைத் திரட்டுவதுபோல் ஆகிவிடும், அப்போது நிறைய உதாரணங்கள் வேண்டும். வாதத்துக்குப் பின்னால் வைத்தால் அவை சாட்சி மாதிரி, நல்ல சாட்சி ஒருவர் போதும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சம்பவம். இந்தக் கணக்குப்படி முதலில் கருத்தைச் சொல்லி, பிறகு மெஷினைக் கொண்டுவர வேண்டும். ஆனால் உங்கள் சம்பவம் கருத்துக்குச் சாட்சி சொல்ல வரவில்லை, அதைக் குறுக்கு விசாரணை செய்கிறது. அதனால் நான் நடுவில் வைப்பேன். முதலில் சமபங்கும் சீட்டும் ஏன் நியாயமானவை என்று உங்களால் முடிந்த அளவு வலுவாக வாதாடுங்கள். வாசகர் தலையாட்டும் இடத்தில் தங்கை மறுத்ததைக் கொண்டுவாருங்கள். பிறகு வாதத்தைப் புதிதாகத் தொடங்குங்கள்.

பழங்கயிறு:
இரண்டாவதுக்குத் தொல்காப்பியர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். "மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." அகப்பாட்டில் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடாது. பூவும் பறவையும் பொழுதும் அத்தனை துல்லியமாக இருக்கும், ஆள் மட்டும் தலைவி, தோழி, தாய். பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள்.

தூரப்பார்வை:
அகப்பாட்டின் தலைவி படித்துப் பார்த்து "இது நான்" என்று சொல்லப் போவதில்லை. மைக்கூடின் தங்கை சொல்வார். பெயரை எடுத்தாலும் அக்கா என்று எழுதினால் அக்காவுக்குத் தெரியும், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அடையாளங்களை மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல், பர்மாவில் காலனி அரசின் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது யானையைச் சுட்டதாக எழுதிய 1936 கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது அப்படியே நடந்ததா என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஏகாதிபத்தியம் ஆள்பவனையே எப்படி அடிமையாக்குகிறது என்ற கருத்துக்கு அந்தச் சந்தேகத்தால் சேதமில்லை என்று வாதாடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 'நான்' என்று தொடங்கும் கட்டுரையில் வாசகர் ஒரு வாக்கை நம்பி உள்ளே வருகிறார்.

நடுப்பக்கம்:
பெயர் விஷயத்தில் பழங்கயிறு பக்கம், மாற்றி எழுதுவதில் தூரப்பார்வை பக்கம் நிற்கிறேன். செய்ய வேண்டியது எளிது. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பத்தியைத் தங்கையிடமும் அக்காவிடமும் காட்டுங்கள். அனுமதிக்காக மட்டும் அல்ல. அவர்கள் நினைவில் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும்தான்.

இன்னொன்று. மூன்று பிள்ளைகள் என்றீர்கள். அக்கா இருக்கிறாள், தங்கை இருக்கிறாள். நீங்கள் எங்கே? மெஷின் வேண்டாம் என்று நின்றவர் நீங்கள். வேண்டாம் என்பவருக்கு நியாயம் பேசுவது சுலபம். அந்த இடத்திலிருந்து பார்த்தீர்கள் என்பதைக் கட்டுரை மறைக்கக்கூடாது.

மைக்கூடு:
இருவரிடமும் காட்டிவிட்டேன். அக்கா படித்துவிட்டு எழுதிக்கொள் என்றாள். தங்கை இரண்டு முறை படித்தாள். "நீ கொடுத்து வேண்டாம்" என்று சொன்னது உண்மைதான், ஆனால் கடன்படக்கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை என்கிறாள். சீட்டு எழுதும்போது அக்காவின் கை நடுங்கியதைப் பார்த்தாளாம். இவ்வளவு வேண்டும் என்று இருப்பவளிடமிருந்து எப்படி வாங்குவது, சீட்டில் எனக்கு வந்திருந்தால் அவளிடமிருந்து வாங்கியதாக இருந்திருக்காதே என்றாள்.

நடுப்பக்கம் சொன்னதை வைத்து உரிமை, தயவு என்று நான் கட்டிய வாதம் ஆடிப்போய்விட்டது. அவள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு என் விளக்கத்தை எடுத்துவிடவா?

நடுப்பக்கம்:
எடுக்க வேண்டாம். நாம் இருவரும் முதலில் அப்படித்தான் புரிந்துகொண்டோம், அந்த விளக்கமும் பலருக்குப் பொருந்தும். அதை எழுதுங்கள், அடுத்த பத்தியில் தங்கை சொன்னதை எழுதுங்கள். சீட்டின் வேலை என்ன என்ற கேள்வி இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. யார் பக்கமும் சாயாமல் இருப்பது ஒன்று. ஒருவர் இழப்பதற்கு இன்னொருவர் காரணமாகாமல் காப்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி உங்கள் முதல் வடிவத்தில் ஒரு சொல்கூட இல்லை.

தூரப்பார்வை:
நடுங்கிய கை கட்டாயம் வேண்டும். நூல் கோத்த வரிக்கு எதிரே அக்கா பக்கம் ஒரு வரி கேட்டிருந்தேனே, அது கிடைத்துவிட்டது. ஆனால் அதை ஆரம்பத்தில் வைக்காதீர்கள், தங்கை வாயிலிருந்தே வரட்டும். மூன்றாவது வடிவம் தயாரானதும் முழுதாக இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.